பதிவேட்டில் இல்லாத மணவாட்டி

பெயர் மாற்றப் படிவத்தில் புதுப் பெயர் என்று அச்சிட்டிருந்த இடத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் சலோமி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் மாசிலாமணி வாசலில் குத்துக்காலிட்டுக் கரும்பு வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"லட்சுமின்னு எழுது. இல்ல, ராணின்னு எழுது. இன்னாத்துக்கு இவ்ளோ யோசன?" என்றான்.

கடைசியில் செல்லியம்மாள் என்று எழுதினாள். அவள் குடும்பத்தில் முதன்முதலாக ஞானஸ்நானம் வாங்கியவளுக்கு அதற்கு முன் இருந்த பெயர் அது. அந்தச் செல்லியம்மாள் சாராளாக மாறி அறுபது எழுபது வருடம் ஆகியிருக்கும். இப்போது ஒரு வேலைக்காக அந்தப் பெயர் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

1987ஆம் வருடம், ஆடி மாதம். கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த காலனியில் ஆசிரியர் பயிற்சி முடித்த பெண் சலோமி ஒருத்திதான். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து நான்கு வருடம் ஓடிவிட்டது. கல்வராயன் மலைமேல் பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிகளுக்கு ஆள் எடுக்கப்போவதாகச் செய்தி வந்தது. தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று அதில் இடங்கள் இருந்தன. ஆனால் சலோமி சட்டப்படி தாழ்த்தப்பட்டவள் இல்லை. காலனியில் பிறந்தாள், டீக்கடையில் தனித் தம்ளரில் குடித்தாள், ஊர்த்தெருவைக் கடக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். பள்ளிச் சான்றிதழில் மட்டும் கிறிஸ்தவள் என்று இருந்தது. கிறிஸ்தவர்களுக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடையாது. அவள் நின்றது பிற்பட்டோர் வரிசையில். அந்த வரிசை நகரவே இல்லை. பக்கத்து வீட்டு ரங்கம்மாளின் மகன் அவளுக்கு ஒரு வருடம் கழித்துப் பயிற்சி முடித்தவன். சாமி கும்பிடுகிற குடும்பம். அவன் வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆயிற்று.

வழி என்ன என்று அவன்தான் சொல்லிக்கொடுத்தான். சபையில் பெயரை நீக்கிவிட்டதாகப் போதகரிடம் ஒரு கடிதம், கோயிலில் ஒரு சடங்கு, அரசிதழில் பெயர் மாற்றம், அப்புறம் தாலுகா ஆபீஸ் விசாரணை. மதம் திரும்பியவர்களாகக் காட்டிச் சான்றிதழ் வாங்கிவிடலாம்.

"பேப்பர்லதானே," என்றான் மாசிலாமணி. "மனசுல இருக்கறத எவன் வந்து எடுத்துக்கினு போகப்போறான்?"

"நாளைக்கு ஒருத்தரு வந்து, சலோமி எம் பொண்டாட்டி இல்லன்னு எழுதிக் குடு, உனுக்கு சர்க்கார் வேலைன்னா குடுத்துருவியா மாமா?"

அவன் சிரித்தான். "குடுத்துட்டு வேலைல சேந்துருவேன். மறுநாளே உன்னக் கட்டிக்குவேன்."

"அந்த ஒரு நாளு நான் யாரு?"

மாசிலாமணி கத்தியின் முனையைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தான். எழுந்து வேலைக்குப் போனான்.

சலோமிக்கு அது விளையாட்டுப் பேச்சு இல்லை. பதினைந்து வயதில் அவளுக்குத் திடப்படுத்தல் நடந்தது. அதுவரை பெற்றோரின் பிள்ளைகளாகச் சர்ச்சுக்கு வந்தவர்கள், அன்று தங்கள் வாயால் விசுவாசத்தைச் சொல்லி முதல் நற்கருணை வாங்குவார்கள். ஆறு பெண்கள், வெள்ளைச் சேலையும் வெள்ளை முக்காடுமாக நின்றார்கள். போதகர் தேவநேசன், "இன்றைக்கு நீங்கள் நிச்சயிக்கப்பட்ட பெண்கள். கர்த்தர்தான் மணவாளன். இந்த மணவாளன் யாரையும் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பமாட்டார்," என்று பேசினார். மற்ற ஐந்து பேரும் முக்காட்டுக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். சலோமி அதை அப்படியே நம்பிவிட்டாள். அந்த வருடம்தான் அவள் அக்காவை மாமியார் வீட்டில் ஒரு மூட்டைத் துணியோடு திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

அன்றிலிருந்து அவள் ஜெபம் புருஷனோடு பேசுகிற பேச்சாகிவிட்டது. குறை சொல்வாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அவளே சமாதானமும் ஆவாள். மாமன் மகன் மாசிலாமணியைக் கட்டிக்கொண்ட பிறகும் அது மாறவில்லை. "எனுக்கு முந்தியே உனுக்கு ஒருத்தரு இருக்காரு. நான் ரெண்டாவதுதான்," என்று அவன் கேலி பேசுவான். அவன் சர்ச்சுக்குப் போவது கிறிஸ்துமஸுக்கும் கல்யாணங்களுக்கும் மட்டும். எட்டு மாதக் குழந்தை பிரிசில்லா மஞ்சள் காமாலையில் இறந்தபோது சலோமி இரண்டு மாதம் சர்ச் பக்கம் தலைகாட்டவில்லை. கை ஓங்கிய புருஷனிடம் பேசாமல் இருக்கிறவள் மாதிரி இருந்தாள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாக எழுந்து தலைவாரிக்கொண்டாள். "எவ்ளோ நாளுதான் அம்மா வூட்லயே குந்திக்கினு இருக்கறது," என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனாள்.

அப்படிப்பட்டவள்தான் இப்போது போதகர் வீட்டு மேஜைக்கு முன்னால் நின்றாள்.

தேவநேசனுக்கு அறுபதை நெருங்கிய வயது. அவள் கேட்பதற்கு முன்பே பதிவேட்டை எடுத்து விரித்தார். "நாலு வருஷத்துல நீ பதினோராவது ஆளு சலோமி," என்றார்.

"வேணாம்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேங்க ஐயா."

"எம் பையன் இந்தக் கடுதாசியக் கேட்டான். கால்ல விழுந்து கேட்டான். நான் தரல. இப்ப செங்கல் சூளையில மண்ணு மிதிச்சிக்கினு இருக்கான். எங்கிட்ட பேசறதில்ல. நான் செஞ்சது சரியா தப்பான்னு எனக்கே இன்னும் தெரியலம்மா. உன்ன வேணாம்னு சொல்ல எனக்கு வாயேது?" மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா ஒண்ணு. பேர அடிச்சேன்னா அடிச்சதுதான். அப்பால வந்து நற்கருணைக்கு மண்டி போட்டா தர மாட்டேன். தந்தா, சர்க்காருக்குப் பொய்க் கடுதாசி குடுத்தவன் ஆயிடுவேன்."

"அவரு என்ன வுட்டுருவாருங்களா?"

யாரைக் கேட்கிறாள் என்று போதகருக்குப் புரிந்தது. "அவரு வுடமாட்டாரு. ஆனா இது நீ எழுதிக் குடுக்கறது," என்றார்.

அளவுகோலை வைத்துச் சிவப்பு மையில் கோடு இழுத்தார். முதலில் மாசிலாமணி, அடுத்தது சலோமி. அதற்குக் கீழே பிரிசில்லா என்று இருந்தது. எதிரே இறந்த தேதி. அளவுகோல் அந்த வரிக்கு வந்து நின்றது.

"செத்தவங்க பேர அடிக்கறதில்ல," என்று பதிவேட்டை மூடினார்.

கோயில் சடங்குக்குப் போன அன்று காலையில், சிலுவை பொறித்த தாலியை அவளே கழற்றித் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் வைத்தாள். ஐயர் தண்ணீர் தெளித்து, மந்திரம் சொல்லி, நெற்றியில் குங்குமம் வைத்தார். மாசிலாமணி மஞ்சள் கயிற்றில் கோத்த மஞ்சள் கிழங்கை அவள் கழுத்தில் கட்டினான். "பாரு, ரெண்டாந்தடவ கட்டிக்கினேன்," என்று காதோரம் சொன்னான். அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. பஸ்ஸில் வரும்போது, "நெத்தி அரிக்குது மாமா," என்றாள். துடைக்கவேண்டாம், யாராவது பார்ப்பார்கள் என்றான் அவன். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் ஜெபம் செய்வது நின்றுபோயிற்று. பழக்கத்தில் வாய் திறக்கும், என்ன முறை வைத்துப் பேசுவது என்று தெரியாமல் மூடிக்கொள்ளும்.

ஆவணியில் அரசிதழில் பெயர் வந்தது. அடுத்த வாரமே நேர்காணல் அட்டையும் வந்தது. அக்டோபர் ஆறாம் தேதி, சாதிச் சான்றிதழோடு வரவேண்டும். மீதி இருந்தது வருவாய் ஆய்வாளரின் விசாரணை மட்டும்தான். அதற்குள் மறியல் வந்துவிட்டது.

மறியல் செய்தது, மாவட்டம் முழுக்க எண்ணிக்கையில் பெரிய உழவர் சாதி. தங்களுக்குத் தனி இடஒதுக்கீடு வேண்டும் என்று செப்டம்பர் நடுவில் ஒரு வாரம் சாலைகளை மறித்தார்கள். கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரை புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். பஸ் சத்தம் அடியோடு நின்றது. எங்கோ போலீஸ் சுட்டதில் ஆட்கள் செத்துப்போனார்கள் என்றும், எங்கோ காலனிகள் எரிகின்றன என்றும் செய்தி வந்தபடி இருந்தது. காலனி ஆண்கள் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். பெண்கள் பெட்டிகளைக் கூரைக்கு வெளியே எடுத்து வைத்தார்கள். அங்கே எதுவும் எரியவில்லை. ஆனால் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள், மாசிலாமணி வழக்கமாகக் கரும்பு வெட்டும் நிலத்தின் சொந்தக்காரர் அரங்கநாதன் வாய்க்கால் மதகில் அவனை நிறுத்தினார்.

"உம் பொண்டாட்டிக்குக் கார்டு வந்துருக்காமே?"

"ஆமாங்க."

"எம் புள்ள பி.எஸ்சி. முடிச்சி அஞ்சி வருஷம். படிச்ச கையில கோடாலி எடுத்துக்கினு மரம் வெட்டிக்கினு இருக்கான். கேஸு போட்டா அவன் வாழ்க்கையே போச்சி." அவர் கண் கலங்கியிருந்தது. "நீங்க மட்டும் வேதக்கோயிலுக்கும் போவீங்க, இந்தப் பக்கமும் வந்து வாங்கிக்குவீங்க. ம்?"

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டான். அவர் சொன்னதில் எது பொய் என்று வீடு வரைக்கும் யோசித்துப் பார்த்ததாகச் சலோமியிடம் சொன்னான்.

வருவாய் ஆய்வாளர் சுப்புராயன் செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் வந்தார். பஸ் இன்னும் சரியாக ஓடவில்லை. வெட்டுப்பட்ட மரங்கள் கிடந்த இடங்களில் சைக்கிளைத் தூக்கித் தாண்டி வந்திருந்தார். சட்டையெல்லாம் புளியம்பட்டைத் தூசி. ரங்கம்மாள் வீட்டிலிருந்து இரவல் வாங்கிய சாமி படமும் விளக்கும் சுவரோரம் இருந்தன. அவர் அதை ஒருமுறை பார்த்தார்; ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார். காலனிக்காரர்கள் நான்கு பேரைக் கூப்பிட்டு, இவர்களை உங்கள் சாதியில் சேர்த்துக்கொண்டீர்களா என்று கேட்டு எழுதினார். ரங்கம்மாள், "அவங்க எப்ப எங்களுக்கு வேத்தாளுங்களா இருந்தாங்க, சேத்துக்கறதுக்கு?" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே அதையும் எழுதினார்.

எல்லோரும் போன பிறகு பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"பேரு போடாம ஒரு மனு வந்துருக்கு. உங்க குழந்த சர்ச்சுக் கல்லறத் தோட்டத்துல அடக்கம், மாறுனப்புறமும் சிலுவைய எடுக்காம அங்க போயி ஜெபம் பண்றாங்க, இவங்க மதம் மாறுனதெல்லாம் வேஷம்னு எழுதியிருக்காங்க. மாறறதுக்கு முந்தி நடந்ததுன்னாலும் நான் கேட்டுத்தான் ஆகணும். குழந்த இருந்துதா?"

"இருந்துதுங்க," என்றாள் சலோமி. "பொண்ணு. எட்டு மாசம்."

"எங்க அடக்கம்?"

இதற்கு அவர்கள் எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை. பெயரை, படத்தை, தாலியை, கும்பிடும் கோயிலை எல்லாம் பேசி வைத்திருந்தார்கள். இந்தக் கேள்வி வரும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. மாசிலாமணி மனைவியைப் பார்த்தான். அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"ஓடக்கரையிலங்க. எங்க சுடுகாட்டுல," என்றாள்.

"சர்ச்சுல இல்ல?"

"இல்லங்க. அங்க எங்களுக்கு யாரும் இல்ல."

சுப்புராயன் மாசிலாமணி பக்கம் திரும்பினார். "அப்பிடியாய்யா?"

மாசிலாமணி சுவரோரம் இருந்த இரவல் விளக்கைப் பார்த்தான். "ஆமாங்க," என்றான்.

அவர் எழுதி முடித்துப் பேனாவை மூடினார். அவர் கெட்டவர் இல்லை, அவசரப்படவும் இல்லை. "மனு வந்துட்டதால நாளைக்குக் காலைல நானே அந்தக் கல்லறத் தோட்டத்த ஒரு பார்வ பாத்துட்டு அறிக்க குடுத்துடறேன். நீங்க சொன்னபடி இருந்தா ஒரு பிரச்சினையும் இல்லம்மா," என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

அவர் வாய்க்காலைத் தாண்டும்வரை மாசிலாமணி வாசலிலேயே நின்றான். பிறகு உள்ளே வந்தான்.

"உஞ்சாமிய இல்லன்னு சொன்ன. அது உங்க ரெண்டு பேருக்குள்ள. எம் புள்ளைய ஏண்டி இல்லன்ன?"

"பேப்பர்லதானேன்னு நீதான சொன்ன."

"அத ஏண்டி..."

"ரெண்டும் வேற வேறயா மாமா? அவர இல்லன்னு எழுதிக் குடுத்த அன்னிக்கே எல்லாத்தயும்தான் குடுத்துட்டேன். அவரு வூட்டு மண்ணுலதான அவ படுத்துக்கினு இருக்கா. அவரு யாரோன்னா, அவ யாரு?"

அவள் கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். எங்கே என்று அவள் கேட்கவில்லை.

கல்லறைத் தோட்டம் சர்ச்சுக்குப் பின்னால், வேப்பமரத்தை ஒட்டி இருந்தது. குழந்தைகளை ஒரு ஓரமாகப் புதைப்பார்கள். ஐந்து சின்ன மேடுகள். நான்குக்கு அடையாளம் எதுவும் கிடையாது. பிரிசில்லாவுக்கு மட்டும் மாசிலாமணி தன் கையாலேயே செங்கல் அடுக்கி, சுண்ணாம்பு பூசி, முழ உயரத்தில் ஒரு சிலுவை கட்டியிருந்தான். அதைத் தகர்த்தான். செங்கல்களைக் கோணிப்பையில் போட்டுக் கட்டினான். சிலுவை இருந்த இடத்தில் புதுமண் பளிச்சென்று தெரிந்தது. அது சந்தேகம் கொடுக்கும் என்று பயந்து, ஐந்து மேடுகளையும் கொத்தி, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி மண் அணைத்தான். கோணிப்பையை வாய்க்காலில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான்.

கை இரண்டும் சுண்ணாம்பாக இருந்தன. சலோமி வாசல் கல் தொட்டியிலிருந்து சொம்பில் தண்ணீர் எடுத்து ஊற்றினாள்.

"எடுத்துட்டேன்," என்றான்.

அவள் அவன் கைகளைத் தேய்த்துக் கழுவினாள். நகக்கண்ணில் இருந்தது மட்டும் போகவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. இருவரும் அந்தக் கல் தொட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதார்கள். ரங்கம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, தன் வீட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் சுப்புராயன் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். போதகரும் கூடவே நடந்தார். மண் புதிதாகக் கொத்தியிருந்ததை இருவருமே பார்த்தார்கள்.

"இந்த அஞ்சும் யாருதுங்க?" என்று ஆய்வாளர் கேட்டார்.

போதகர் குனிந்து ஒரு மேட்டில் கிடந்த வேப்பஞ்சருகை எடுத்துப் போட்டாராம். "ஏழைங்க பிள்ளைங்க சார். பேரு எழுதி வெக்க வழியில்லாதவங்க," என்றாராம். இதைச் சர்ச் கூட்டிப் பெருக்கும் கொளஞ்சியம்மாள் பிறகு சலோமியிடம் சொன்னாள். ஆய்வாளர் வேறொன்றும் கேட்காமல் போய்விட்டார்.

அக்டோபர் மூன்றாம் தேதி சான்றிதழ் கைக்கு வந்தது. மார்கழியில் செல்லியம்மாள் டீச்சர் மலையேறினாள்.

பள்ளி இருந்த ஊருக்குக் கடைசி நான்கு மைல் நடைதான். ஓடு வேய்ந்த இரண்டு அறைகள். நாற்பது பிள்ளைகள் அங்கேயே சாப்பிட்டு அங்கேயே தூங்கினார்கள். சாமை அறுப்பு வந்தால் பாதிப் பேர் காணாமல்போவார்கள். அவள் காட்டுக்கொல்லைகளில் தேடிப் போய்க் கூட்டிவருவாள். நல்ல டீச்சர் என்று பெயரெடுத்தாள். சம்பளத்தில் அக்காவின் இரண்டு பிள்ளைகளும் படித்தார்கள். வீட்டுக் கூரைக்கு ஓடு வந்தது. மாசிலாமணி அரங்கநாதன் நிலத்துக்கு வெட்டப்போவதை நிறுத்திக்கொண்டான். செய்த காரியம் பலன் தந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆனால் மலையில் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். பள்ளிக்குப் பின்னால் பாறையிடுக்கில் ஓர் ஊற்று இருந்தது. விடியற்காலையில் தண்ணீருக்குப் போகும்போது அங்கே நின்று பேசுவாள். காலடிச் சத்தம் கேட்டால் குடத்தை எடுத்துக்கொண்டு நடப்பாள். சொந்தப் புருஷனைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு வருகிறவளைப் போல நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஊரறியக் கைப்பிடித்தவரை இப்படி ஒளிந்து நின்று பார்க்கும்படி ஆயிற்றே என்று வெட்கமாக இருக்கும். ஒரு நாள், "என்ன நீங்க வெச்சிக்கினு இருக்கீங்களா, வுட்டுட்டீங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லிருங்க," என்று கேட்டாள். ஊற்றுத் தண்ணீர் குடத்தில் விழும் சத்தம் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

மாசிலாமணி வேறு மாதிரி மாறினான். அதுவரை வருடத்துக்கு ஒருமுறை சர்ச்சுக்குப் போனவன், அந்த மார்கழியிலிருந்து ஞாயிறு தவறாமல் போனான். கடைசி வரிசையில் சுவரோரம் உட்காருவான். நற்கருணைக்கு மற்றவர்கள் எழுந்ததும் வெளியே வந்துவிடுவான். பிரிசில்லாவின் மேடு வேப்பமரத்திலிருந்து மூன்றாவது என்று அவன் நினைவு வைத்திருந்தான். அடுத்த வருட ஐப்பசி மழையில் வேப்பமரம் வேரோடு சாய்ந்தது. அதை அறுத்து இழுத்துப் போனதில் ஓரமாக இருந்த மேடுகள் மிதிபட்டுக் கலைந்தன. எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்று அவனுக்குக் குழம்பிப்போயிற்று. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அந்த ஓரம் முழுவதும் சுண்ணாம்பு தெளித்துவிட்டு வந்தான்.

கிறிஸ்தவர்களையும் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் சேர்க்கும்படி சட்டம் மாறும் என்று சலோமி காத்திருந்தாள். மாறினால் பெயரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம், வேலையும் போகாது. 1990இல் ஒதுக்கீட்டை வைத்து நாடெங்கும் மறுபடி கொந்தளிப்பு. பௌத்தர்களை அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டதாக அந்த வருடம் பத்திரிகையில் வந்தது. கிறிஸ்தவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவள் அந்தப் பத்திரிகையை இரண்டு தடவை முழுக்கப் படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

அடுத்த ஈஸ்டருக்கு அவள் மலையிறங்கினாள். போதகர் தேவநேசன் அந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார் என்று மாசிலாமணி சொல்லி அனுப்பியிருந்தான். வெள்ளைச் சேலை எதுவும் உடுத்தவில்லை. பள்ளிக்குக் கட்டும் நீலப் புள்ளிச் சேலைதான். நெற்றியில் பொட்டு இருந்தது. கடைசி வரிசையில் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்த்தவர்கள் ஒருவருக்கொருவர் கிசுகிசுத்துக்கொண்டார்கள். பாதிப் பேர் வீட்டில் இதே கதைதான் இருந்தது. அதனால் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

நற்கருணைக்கு அழைத்தபோது மாசிலாமணி வழக்கம்போல எழுந்து வாசலுக்கு வந்தான். திரும்பிப் பார்த்தால், சலோமி முன்னால் நடந்துகொண்டிருந்தாள். பீடத்துக்கு முன்னே இருந்த மரக்கிராதியில் மற்ற பெண்களோடு மண்டியிட்டாள். கையை நீட்டவில்லை. நீட்டினால் கிடைக்காது என்று தெரியும். அப்பத்தட்டோடு போதகர் தன் முன்னால் ஒரு நொடி நின்றுவிட்டுப் போனால் போதும் என்றுதான் போனாள்.

போதகர் ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டே வந்தார். அவள் முன்னால் வந்ததும் நின்றார். தட்டில் அப்பம் இருந்தது. அவர் விரல்கள் அதைத் தொட்டன. தொட்டபடியே நின்றன. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். பிறகு விரல்கள் வெறுமையாக மேலே எழுந்தன. கை அவள் உச்சந்தலையில் வந்து அமர்ந்தது. திடப்படுத்தல் ஆகாத சின்னப் பிள்ளைகளுக்கு, இன்னும் பந்திக்கு வராதவர்களுக்குத் தருகிற ஆசீர்வாதம் அது. அந்தக் கை பாரமாக இருந்தது. அப்புறம் அவர் அடுத்தவளிடம் போனார்.

சலோமிக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்னைப் பிள்ளையாக்கிவிட்டாரே, நிச்சயமே ஆகாதவளாக்கிவிட்டாரே என்று மனசுக்குள் சண்டை பிடித்தாள். எழுந்து, யாரையும் பார்க்காமல் நடந்து வெளியே வந்தாள்.

மலைக்குப் போகும் பஸ் பதினொரு மணிக்கு. கச்சிராயபாளையம் நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள். மாசிலாமணி அவளுடைய பையை வைத்துக்கொண்டிருந்தான். பஸ் வளைவில் தெரிந்தபோதுதான் கேட்டான்.

"குடுத்தாரா?"

"இல்ல. தலைல கைய வெச்சாரு."

அவன் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். "அது போதுமா உனுக்கு?"

"போதாது மாமா," என்றாள். பையை வாங்கிக்கொண்டு ஏறினாள். சன்னலோரம் இடம் கிடைத்ததும் தலையை வெளியே நீட்டி, "அடுத்த மாசம் புதுப் போதகரு வருவாருல்ல? எந்த ஞாயித்துக்கெழமன்னு கேட்டு வை. அவருகிட்டயும் வருவேன்," என்றாள்.

பஸ் மலைப்பக்கம் திரும்பியது. மறுநாள் மூன்றாம் வகுப்புக்குப் பரீட்சை வைத்திருந்தாள். கேள்வித்தாள் இன்னும் எழுதவில்லை.